பாதியில் இருக்கும் கேமைக் காட்டுங்கள்

கேம் டிசைனில் எது கஷ்டம் என்று புதிதாகச் சேரும் ஜூனியர்கள் கேட்பார்கள். கோடிங் என்றோ, கணக்கு என்றோ, நன்றாக வரைய வேண்டும் என்றோ பதில் வரும் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் ஆண்டை முடிக்கப்போகும் நான் சொல்வது வேறு. நாம் செய்த கேமை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தடுமாறும்போது வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைவிடக் கஷ்டமான எதையும் இந்தப் படிப்பில் நான் பார்க்கவில்லை.

இதை ப்ளேடெஸ்ட் என்கிறோம். எங்கள் ஆசிரியர் வைத்திருக்கும் விதி எளிது. விளையாடுபவருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது. "அங்க பாருங்க", "இல்ல இல்ல, மேல குதிங்க" எதுவும் கிடையாது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாளைக்கு அந்த கேமை டவுன்லோடு செய்யப்போகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்ல முடியாது என்பார்.

போன செமஸ்டரில் நண்பர்கள் குழு ஒன்று பாழடைந்த அரண்மனையில் நடக்கும் கேம் செய்திருந்தது. முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி விளையாட உட்கார்ந்தாள். இரண்டாவது அறையில் வெளியே போக ஒரு கதவு இருக்கிறது. ஆனால் அது சுவரில் இருக்கும் மரப்பலகைகளின் அதே பழுப்பு நிறத்தில் இருந்தது. முந்தைய அறையில் உடைக்கக்கூடிய பானைகளுக்குப் பின்னால் வெள்ளைக் கோலம் போல ஒரு அலங்காரம் வரைந்திருந்தார்கள். இந்த அறையிலும் ஒரு மூலையில் அதே அலங்காரம், வெறும் அழகுக்காக. அவள் அந்த மூலையைப் போய் அடித்துக்கொண்டே இருந்தாள். கதவைத் தாண்டித் தாண்டி நடந்தாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை. கேமைச் செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு கேம் எல்லாம் அவ்வளவா வராதுக்கா."

அந்த வாக்கியத்தை நான் அதற்கப்புறம் பலர் வாயில் கேட்டுவிட்டேன். வடிவமைத்தவர் விட்ட பிழைக்கு விளையாடுபவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்கிறார். அவள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. முதல் அறை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இரண்டாவது அறையில் செய்தாள். அந்தக் குழு அன்று இரவே கதவுக்கு மேல் ஒரு விளக்கை வைத்தது, மூலையில் இருந்த அலங்காரத்தை எடுத்துவிட்டது. அடுத்து விளையாடியவர்கள் நேராகக் கதவுக்குப் போனார்கள். ப்ரோகிராம் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை.

கேமைச் செய்தவனுக்கு அந்தக் கதவு எப்போதும் தெரியும், அவன்தானே வைத்தான். அதனால் எத்தனை மாதம் தனியாக உட்கார்ந்து விளையாடிப் பார்த்தாலும் இந்தப் பிழை அவன் கண்ணில் படவே போவதில்லை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும், எல்லாவற்றையும் வரைந்து, இசை போட்டு முடித்த பிறகு அல்ல.

ஆனால் நாங்கள் அப்படிக் காட்டிப் பழகியவர்கள் இல்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத தாளுக்குத்தான் மதிப்பு. ரஃப் நோட்டு வேறு, ஃபேர் நோட்டு வேறு. ரஃப் நோட்டை யாரும் கேட்கவே மாட்டார்கள். அதே பழக்கத்தோடு இங்கே வந்து, "இன்னும் முடியல, முடிச்சிட்டுக் காட்டறேன்" என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொள்கிறோம். என் வகுப்பில் நல்ல திறமைசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களுக்குக் காப்பாற்ற ஒரு பெயர் இருக்கிறதே.

சரி, இதற்கு மருந்தாக எங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது, "தவறுகளைக் கொண்டாடுங்கள்" என்ற அறிவுரை. தவறுதலாக நடந்த ஒன்றால் பெரிய வெற்றி பெற்ற கேம்களின் பட்டியல் ஒன்றையும் கூடவே காட்டுவார்கள். அந்தப் பட்டியல் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அதில் முதலில் வருவது 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். திரையில் 11 வீதம் 5 வரிசையாக 55 வேற்றுக்கிரகவாசிகள். டோமோஹிரோ நிஷிகாடோ அதை உருவாக்கியபோது, அன்றைய ப்ராசஸருக்கு அத்தனை பேரையும் நகர்த்துவது பெரிய சுமை. அவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை குறையும், சுமை குறையும், மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகர ஆரம்பிப்பார்கள். அவர் திட்டமிட்டது அல்ல. ஆனால் கடைசியில் ஒற்றை ஆள் திரையின் குறுக்கே ஓடும்போது விளையாடுபவருக்கு ஏற்படும் பதற்றம்தான் அந்த கேமின் உயிர். இதை "அதிர்ஷ்டமான தவறு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வேகம் தானாகக் கூடியது தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை விளையாடிப் பார்த்து, இது சரி செய்ய வேண்டிய கோளாறு அல்ல, வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுதான் டிசைன். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் அதுதான்.

பட்டியலில் அடுத்து காந்தி வருவார். உலகத் தலைவர்கள் நாடுகளை ஆளும், 1991-இல் வந்த சிவிலைசேஷன் கேமில் காந்தியின் ஆக்ரோஷ எண் 1 என்றும், ஜனநாயகத்துக்கு மாறும்போது அதில் 2 கழிய, எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாமல் அந்த வகை எண்ணின் உச்சமான 255-க்குத் தாவி, காந்தி அணுகுண்டு போட ஆரம்பித்துவிட்டார் என்றும் கதை. ப்ரோகிராமிங் வகுப்புகளில்கூட உதாரணமாகச் சொல்கிறார்கள். அப்படி ஒரு ப்ரோகிராம் பிழை இருந்ததே இல்லை என்று, கேமை உருவாக்கிய சிட் மையரே 2020-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் காந்திக்கு அணு ஆயுத ஆசையை வேண்டுமென்றேதான் வைத்தார்கள். தவறு தானாக அற்புதமாக மாறும் என்று நம்ப நாம் எவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

எனக்கு உண்மையிலேயே பாடமாக இருப்பது அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர், அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. அவர் முதலில் செய்த யார்ஸ் ரிவெஞ்ச் மாதக்கணக்கில் உருவாகி, பலரை விளையாட வைத்துச் சரிபார்க்கப்பட்டு, அட்டாரி 2600 என்ற கேம் கருவியின் மிகச் சிறந்த கேம்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. அதே மனிதரிடம் 1982-இல், கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் ஈ.டி. என்ற ஹாலிவுட் படத்தை கேமாக்கித் தரச் சொன்னார்கள். கிடைத்தது சுமார் ஐந்து வாரம். விளையாடுபவர்கள் குழியில் விழுந்தார்கள், ஏறினார்கள், திரும்பவும் அதே குழியில் விழுந்தார்கள். வெளியாட்களை விளையாட வைத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பிழை, ஆனால் அதற்கு நேரமே இல்லை. விற்காத கேம் கார்ட்ரிட்ஜ்களை மற்ற சரக்குகளோடு 1983-இல் நியூ மெக்ஸிகோவின் அலமோகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். ஆளும் ஒருவரே, திறமையும் ஒன்றே. தவறு செய்து திருத்திக்கொள்ள ஒரு முறை நேரம் இருந்தது, இன்னொரு முறை இல்லை. தவறை ஏற்றுக்கொள்வது என்றால் என்னைப் பொறுத்தவரை அதற்கு நேரம் ஒதுக்குவதுதான். ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம், அட்டவணையில் இடம் வேண்டும்.

நல்ல கேம்கள் விளையாடுபவருக்கும் தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் கொடுக்கின்றன என்பது நான் கவனித்த இன்னொன்று. 2018-இல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான கேம். மலை ஏறும் பெண் நொடிக்கு நொடி விழுவாள். ஆனால் விழுந்த மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். லைஃப் குறையாது, பத்து நிமிடம் பின்னால் போக வேண்டாம். அதோடு, விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் 0.1 வினாடிக்குள் பட்டனை அழுத்தினால் தாவ விடும். விளையாடுபவருக்கு இது தெரியவே தெரியாது, தான் சரியாகத் தாவியதாகவே நினைப்பார். விழுவதற்கான விலை இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு கடினமான ஒன்றை ஜனங்கள் விடாமல் முயல்கிறார்கள். எங்கள் படிப்பில் ஒரு சோதனை முயற்சி சொதப்பினால் அரியர். அந்த விலைக்கு யார் புதிதாக எதையும் முயல்வார்கள்?

முதலாம் ஆண்டில் ஒரு நல்ல பயிற்சி இருந்தது. ஒரு பழைய ஆட்டத்தை எடுத்து, ஒரே ஒரு விதியை மாற்றி விளையாடிப் பார்க்க வேண்டும். நாங்கள் ஆடு புலி ஆட்டத்தை எடுத்தோம். சாக்பீஸில் கோடு போட்டு, புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. எங்கள் ஊர்ப் பக்க வழக்கப்படி 3 புலி, 15 ஆடு. ஆடுகளைக் குறைத்தால் புலியை மடக்க ஆள் போதவில்லை. புலியை 2 ஆக்கினால் ஆட்டுக்காரருக்குப் பயமே இல்லை, ஆட்டம் சப்பென்று போனது. கோயில் தரைகளிலும் பாறைகளிலும் செதுக்கி வைத்திருக்கும் இந்த ஆட்டத்தின் எண்கள், யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து கண்டுபிடித்தவையாக எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ பேர் மாற்றி மாற்றி ஆடி, சலித்து, சண்டை போட்டுத்தான் இந்தக் கணக்குக்கு வந்திருப்பார்கள். அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது என்பதால்தான் நாங்கள் பயமில்லாமல் எதையும் மாற்றினோம் என்று இப்போது தோன்றுகிறது.

கேம் டிசைன் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கடைசி நாள் டெமோவை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். ப்ளேடெஸ்ட் நோட்டைக் கேளுங்கள். எங்கே ஆள் சிக்கினார், எதை மாற்றினோம், எதைத் தூக்கிப் போட்டோம், ஏன் என்று கேளுங்கள். தூக்கிப் போட்ட வடிவங்களுக்கும் மதிப்பெண் இருந்தால், மறைத்து வைக்க யாருக்கும் காரணம் இருக்காது.

அப்புறம், உங்கள் வீட்டிலோ தெருவிலோ கேம் செய்து பழகும் பிள்ளை யாராவது இருந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து விளையாடிக் கொடுங்கள். உங்களுக்கு கேம் வராது என்றால் இன்னும் நல்லது, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை. "சூப்பரா இருக்கு" என்று எழுந்துவிடாமல், எங்கே குழம்பினீர்கள், எங்கே போரடித்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.