பாதி சார்ஜ் காட்டும், இழுத்தால் செத்துப்போகும்

வேப் என்கிற மின்சிகரெட் கருவியின் திரையில் இருக்கும் பேட்டரி குறியீட்டை நம்புவதைப் போல ஏமாளித்தனம் வேறில்லை. 45 சதவீதம் என்று காட்டுகிறது. சரி என்று பட்டனை அழுத்தினால், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் ஒரு நொடி லேசாகச் சீறுகிறது. உடனே ‘பேட்டரி குறைவு’ என்று மினுக்கிவிட்டு அணைந்துபோகிறது. விரலை எடுத்ததும் அதே 45 சதவீதம், ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரை ஏமாற்றுகிறார்கள் இவர்கள்?

வேப் நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, அது தனிக் கதை. காசு கொடுத்து வாங்கிய மின்கருவி பொய் சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

நடப்பது இவ்வளவுதான். லித்தியம் அயான் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். சும்மா இருக்கும்போது உள்ள வோல்டேஜை வைத்துத்தான் பெரும்பாலான கருவிகள் சதவீதத்தைக் காட்டுகின்றன. பட்டனை அழுத்தினால் 20 ஆம்பியர் பக்கம் கரண்ட் பாய்கிறது. செல்லின் உள் மின்தடை 0.03 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு கணத்தில் 0.6 வோல்ட் கீழே விழும். 3.7-ல் இருந்தது 3.1-க்கு இறங்குகிறது, கருவி பயந்துபோய் அணைக்கிறது. செல் பழசாக ஆக இந்த மின்தடை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் புதிதில் 15 சதவீதம் வரை இழுத்த கருவி, அப்புறம் பாதியிலேயே படுத்துவிடுகிறது. குளிர் நாளில் இன்னும் மோசம்.

எரிச்சல் எங்கே என்றால், இழுக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரியும். அளக்காமலா சரியாக அந்த நொடியில் அணைக்கிறது? அளந்ததைக் காட்டத்தான் மனசு வரவில்லை. காட்டினால் 45 என்ற எண் 10 ஆகிவிடும், அட்டைப்பெட்டியில் போட்ட பெருமையெல்லாம் போய்விடும்.

அந்தப் பெட்டிக்கே வருவோம். ஒரே ஒரு 18650 செல் (கழற்றி மாற்றக்கூடிய, உருளை வடிவ பேட்டரி) போடும் கருவி, முகப்பில் கொட்டை எழுத்தில் 80 வாட். ஐயா, பள்ளிக்கூடக் கணக்குதானே? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். முழு சார்ஜில் 80-ஐ 4.2-ஆல் வகுத்தால் 19 ஆம்பியர். செல் 3.3-க்கு இறங்கியதும் அதே 80 வாட்டுக்கு 24 ஆம்பியர் வேண்டும், சர்க்யூட்டில் வீணாவது தனி. அதாவது செல் களைக்கக் களைக்க அதனிடம் அதிகமாகப் பிடுங்குகிறார்கள். அதிக கரண்டுக்கென்றே செய்த நல்ல 18650 செல்களில் பலவும் தொடர்ச்சியாக 15 முதல் 25 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஆக அந்த 80 வாட், சார்ஜரில் இருந்து எடுத்த கொஞ்ச நேரத்துக்குத்தான். அதைச் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

செல் விற்பவர்கள் இவர்களுக்குச் சளைத்தவர்களா? மேலே பளபளவென்று ஒரு உறையைச் சுற்றி கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விடுகிறார்கள். அந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட செல்லும் 10 ஆம்பியருக்கு மேல் ஈடுகொடுக்காது. 20 ஆம்பியர் தாங்கும் செல் வேண்டுமென்றால் 2500 எம்ஏஎச் பக்கம் இறங்கி வர வேண்டும். கொள்ளளவும் வேகமும் ஒரே செல்லில் ஒருசேரக் கிடைக்காது. வாங்குகிறவன் பார்க்க வேண்டியது ஆம்பியர் எண்ணைத்தான். உறையில் ஒன்று அது இருக்காது, இல்லை அதுவும் புளுகாக இருக்கும். இது வெறும் ஏமாற்று வேலை இல்லை. தாங்க முடியாத கரண்டை இழுத்தால் செல் சூடாகும், சூடு கைமீறினால் வெடிக்கும்.

சரி, செல் மாற்றும் வம்பே வேண்டாம் என்று, செல்லை உள்ளேயே வைத்து மூடிய சின்ன பாட் கருவிக்குப் போனால் அங்கே வேறு கூத்து. மலிவானவற்றில் பல, செல்லின் வோல்டேஜை அப்படியே காயிலுக்குத் தள்ளுகின்றன. 1 ஓம் காயில் என்றால் 4.2 வோல்ட்டில் 17 வாட்டுக்கு மேல். 3.4-க்கு வந்ததும் 11 வாட் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஆனால் விளக்கு மட்டும் பச்சையாகவே எரியும். சுவை செத்துவிட்டதே, காயில் கருகிவிட்டதோ என்று நாம் நல்ல காயிலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவோம். அவர்களுக்கு இரட்டை லாபம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த டைப்-சி ஓட்டையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை! இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளைச் செருகினால் கருவி செத்த பிணம் மாதிரி கிடக்கும். பழைய அகல முனை கேபிளைத் தேடி எடுத்துச் செருகினால் உயிர் வரும். காரணம் என்ன தெரியுமா? டைப்-சி சார்ஜர், எதிரே கருவி இருக்கிறது என்று தெரியாமல் கரண்டே விடாது. அதைத் தெரிவிக்க 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். அரிசிமணியைவிடச் சின்னது, விலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அந்த இரண்டைப் போடாமல் மிச்சம் பிடிக்கிறார்கள். தப்பு கேபிளிலா, சார்ஜரிலா, கருவியிலா என்று மண்டையை உடைத்துக்கொள்வது நாம். டைப்-சி வந்தது 2014-ல். இத்தனை வருஷத்திலும் இது கைவரவில்லையா, இல்லை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியமா?

பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் வேப்பை விற்கக் கூடாது என்று தடை போட்டது. நல்லதுதான். ஆனால் அடியில் ஒரு சார்ஜ் ஓட்டை வைத்துவிட்டால் மட்டும் அது காலத்துக்கும் உழைக்கும் கருவி ஆகிவிடாது. கொஞ்ச நாளில் கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அப்புறம் அதுவும் ஏறாது. உள்ளே செல் நன்றாக இருக்கும், விட்டுப்போனது அந்த ஓட்டையின் சாலிடர் மட்டும். திறக்கலாம் என்றால் ஒரு திருகாணி கிடையாது, எல்லாம் ஒட்டி மூடியது. நெம்பித் திறக்கப்போய் செல்லில் கத்தி பட்டால் தீப்பிடிக்கும். நாலு திருகாணி வைத்தால் இவர்கள் சொத்தா குறைந்துவிடும்?