முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

குடல்வால் அழற்சியைச் சாதாரண வயிற்றுவலி என்று சிரப் கொடுத்து அனுப்பி, அது வெடித்த பிறகு ஆபரேஷன் ஆன குழந்தையின் அப்பா ‘எங்கே போய்ச் சொல்வது’ என்று கேட்டிருப்பதைப் படித்தேன். சார், முதலில் கேஸ் ஷீட்டை (ஆஸ்பத்திரியில் இருக்கும் முழு சிகிச்சைப் பதிவுகளை) எழுத்துமூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அது அவர்கள் யோசித்து எழுதுவது; முதல் நாள் ஓ.பி. சீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறதா, ஸ்கேன் எழுதினார்களா, அதில்தான் கேஸே நிற்கும். என் அக்கா பையன் விஷயத்தில் ராத்திரி நர்ஸ் குறித்துவைத்த காய்ச்சல் சார்ட்தான் கைகொடுத்தது.

கணிப்பு தப்பினாலே அலட்சியம் ஆகிவிடாது, அதனால் வேறொரு நிபுணரின் கருத்தும் வேண்டும் (அதுதான் குதிரைக்கொம்பு, ஒரு டாக்டர் இன்னொருவருக்கு எதிராக லேசில் எழுத மாட்டார்). நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். டாக்டர் மீது நடவடிக்கைக்கு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், ஆனால் அவர்கள் பணம் வாங்கித் தர மாட்டார்கள். அப்புறம், உங்கள் மன உளைச்சலுக்கும் தனியாகக் கேளுங்கள். 1998-ல் ஒரு குழந்தையின் வழக்கில் பெற்றோருக்கென்றே 5 லட்சம் தரச் சொல்லி தேசிய நுகர்வோர் ஆணையம் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.