83ஆ 65ஆ என்று மட்டும் கேட்காதீர்கள்

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி950 கேமராவை வாங்குவதா, 65 மடங்கு ஜூம் உள்ள கேனான் எஸ்எக்ஸ்70-ஐ வாங்குவதா. கேட்டுக் கேட்டு என் மனைவிக்கே இரண்டு கேமராக்களின் எடையும் கிராம் கணக்கில் மனப்பாடம் ஆகிவிட்டது. யாரிடம் யோசனை கேட்டாலும் ஒரே பதில்: "83 மடங்கு பெருசா, 65 மடங்கு பெருசா? இதுல யோசிக்க என்ன இருக்கு?" கடைக்காரர் அதைத்தான் சொன்னார், மச்சானும் அதைத்தான் சொன்னார். மச்சான் கூடுதலாக, "என் போன்லயே நூறு மடங்கு இருக்கே மாப்ள, இதுக்குப் போய் இவ்வளவு செலவா" என்று அந்தப் போனில் எடுத்த கூழைக்கடா ஒன்றையும் காட்டினார். வாட்டர்கலர் ஓவியம் என்று சொல்லிக் காட்டியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

சரி, இந்த மடங்குக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். லென்ஸின் குவிய நீளத்தில் (இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) நீண்ட முனையைக் குட்டை முனையால் வகுத்தால் வரும் எண்தான் அது, வேறொன்றும் இல்லை. பி950 24 மில்லிமீட்டரில் தொடங்கி 2000-ல் முடிகிறது. எஸ்எக்ஸ்70 21-ல் தொடங்கி 1365-ல் முடிகிறது. இதே கேனான் 24-ல் தொடங்கியிருந்தால் பெட்டியில் 57 என்று அச்சடித்திருப்பார்கள். 1200-லேயே நின்றுவிடும் பானசோனிக் எஃப்இசட்82-ன் 60-ஐ விட அது குறைவாகத் தெரிந்திருக்கும், ஆனால் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை இம்மியளவும் சிறுத்திருக்காது. ஆகவே பார்க்க வேண்டியது 2000க்கும் 1365க்கும் உள்ள வித்தியாசம். அதாவது பறவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரமாகத் தெரியும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் நிலாவைப் பிடித்துப் பார்த்தபோது இது கண்ணாலேயே தெரிந்தது. பி950-ல் படத்தின் உயரத்தில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிலா நிறைந்தது, கேனானில் பாதி. 2015-ல் பி950-க்கு முந்தைய மாடலான பி900 வந்தபோது நிலாவை எட்டிப் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நிலாவை எத்தனை முறை எடுப்பது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதே முகம்தான்.

எனக்கு வேண்டியது பறவைகள். அதனால் கடைப் பேச்சை நம்பாமல் இரண்டையும் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். (முன்பணமும் ஆதார் நகலும் கேட்பார்கள், கொடுக்கலாம், ஐம்பதாயிரத்தைத் தவறான பெட்டியில் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.) போகி முடிந்த அடுத்த வாரம். போகியன்று விடிகாலையில் போயிருந்தால் இரண்டு கேமராவிலும் ஒரே படம்தான் வந்திருக்கும், புகை.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நடுவே போகும் துரைப்பாக்கம் ரேடியல் சாலை ஓரமாக ஆறரை மணிக்கு நின்றுவிட்டோம். ஜனவரியில் சென்னையில் சூரியன் எழுவதே அந்த நேரத்துக்குத்தான். பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் தரை நடுங்கும், 2000-ல் வைத்துக்கொண்டிருந்தால் அந்த நடுக்கம் வியூஃபைண்டரில் பூகம்பம் போலத் தெரியும். முதல் ஒரு மணி நேரம் அற்புதம். நெடுங்கால் உள்ளான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, தூரத்தில் வரிசையாகப் பூநாரைகள். நெடுங்கால் உள்ளானின் கால்கள் சிவப்புக் குச்சி மாதிரி நேராக இருக்கும் இல்லையா, அதை நான் அளவுகோலாகவே வைத்துக்கொண்டேன். எட்டு மணி தாண்டியதும் அந்தக் குச்சி லேசாக நெளிய ஆரம்பித்தது. எட்டரைக்கு நூடுல்ஸ். வெயில் ஏற ஏற நீருக்கும் சேற்றுக்கும் மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரள்கின்றன, அதன் வழியாக வரும் வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. கானல். இருநூறு மீட்டர் தூரத்துக் கானலை லென்ஸ் பெரிதுபடுத்திக் காட்டுமே தவிர நீக்காது. எட்டரைக்குப் பிறகு இரண்டு கேமராவின் படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2000-ல் எடுத்தது பெரிய மங்கல், 1365-ல் எடுத்தது சின்ன மங்கல். அந்த நேரத்தில் உதவியது ஒன்றே ஒன்றுதான், பறவைக்குப் பக்கத்தில் போவது.

இதை யோசித்துப் பார்த்தால்தான் என் கட்சி புரியும். நம் ஊரில் முழு ஜூமையும் பயன்படுத்தத் தோதாகக் கிடைப்பது விடிந்து ஒன்றரை மணி நேரம், அப்புறம் சாயங்காலம் கொஞ்சம். அந்த நேரத்தில் கானல் இருக்காது, ஆனால் வெளிச்சமும் இருக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மடங்கு இழுக்கும் என்பதல்ல, அந்த அரை வெளிச்சத்தில் பறவையிடமிருந்து எவ்வளவு ஒளியை வாங்கும் என்பதுதான். இதை ஒரு கடையிலும் யாரும் சொல்லவில்லை. கேட்டால், "ரெண்டுமே முழு ஜூம்ல எஃப் 6.5 சார், வெளிச்சம் சேம்தான்" என்கிறார்கள்.

சேம் இல்லை. எஃப் எண் என்பது குவிய நீளத்தை, ஒளி நுழையும் துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் வருவது. இரண்டிலும் ஒரே அளவு குட்டி சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், 4.5 உயரம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. 2000 என்று சொல்வது ஃபுல் ஃபிரேம் கணக்கு, அதாவது பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் அளவு சென்சாராக இருந்தால் வரும் எண், பி950 லென்ஸின் நிஜமான குவிய நீளம் 357 மில்லிமீட்டர்தான். கேனானுக்கு 247. இரண்டையும் 6.5-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் குறுக்களவு வந்துவிடும். நிக்கானுக்கு 55 மில்லிமீட்டர், கேனானுக்கு 38. வட்டத்தின் பரப்பை ஒப்பிடக் குறுக்களவை அதே எண்ணால் பெருக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்பு. அப்படிப் பார்த்தால் அதே இடத்தில் நிற்கும் அதே உள்ளானிடமிருந்து நிக்கான் வாங்கும் ஒளி கேனானைப் போல இரண்டு மடங்கு. கேனான் படத்தை வெட்டிப் பெரிதாக்கி நிக்கான் படத்தின் அளவுக்குக் கொண்டுவந்தால், ஐஎஸ்ஓ 800-ல் (வெளிச்சம் போதாதபோது சென்சாரின் உணர்திறனை ஏற்றி வைத்து) எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்புவது இதனால்தான். கேனானுக்கு 20 மெகாபிக்சல், நிக்கானுக்கு 16 மெகாபிக்சல் என்ற வித்தியாசம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்த அளவு சென்சாரில் 20 என்பது பெரும்பாலும் ஃபைல் அளவைக் கூட்டும் வேலை. இரண்டிலும் ரா ஃபைல் (கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் பதிவு) எடுக்கலாம் என்பது மட்டும் முக்கியம், பழைய பி900-ல் அது கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பி950-ஐக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். அந்த 55 மில்லிமீட்டருக்குக் கழுத்துதான் விலை கொடுக்கிறது. ஒரு கிலோ. கேனான் 610 கிராம். நானூறு கிராம் பெரிய விஷயமா என்று காலை ஆறு மணிக்குக் கேட்டால் இல்லை என்பேன், பத்து மணிக்குக் கேளுங்கள். மறுநாள் வேடந்தாங்கல் கரையில் மதியம்வரை என் மனைவி கேனானைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார், நான் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்தேன். அங்கே நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் மரங்கள் கரைக்கு ஓரளவு பக்கம், 2000 தேவைப்பட்டதே சில இடங்களில்தான். வெயிலும் போதுமானது. அன்று அவர் எடுத்த படங்களும் நான் எடுத்த படங்களும் ஒரே தரம், அவர் படங்கள் எண்ணிக்கையில் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. தேநீர் குடிக்கும்போது அதை அவர் நினைவூட்டத் தவறவில்லை.

பறக்கும் பறவைக்கு இரண்டுமே லாயக்கில்லை, இதில் ஏமாற வேண்டாம். இரண்டிலும் இருப்பது கான்ட்ராஸ்ட் வகை ஃபோகஸ், லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடும் மெதுவான முறை. வானத்தில் ஒற்றைச் செம்பருந்து நிதானமாக வட்டமடித்தால் பிடித்துவிடலாம், பஞ்சுருட்டான் கிளையை விட்டுக் கிளம்பினால் கிளைதான் கிடைக்கும். பி950-ல் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்ததும் கார்டில் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மீன்கொத்தி அந்த இடைவெளியில்தான் குதிக்கும், அது ஒரு விதி. இந்த வேலைக்கு என்றால் சோனி ஆர்எக்ஸ்10 நான்காவது மாடல்தான், ஒரு இஞ்ச் சென்சார், வேகமான ஃபோகஸ். அதன் லென்ஸ் 600-ல் நின்றுவிடுகிறது, விலை என் பட்ஜெட்டில் நிற்கவில்லை.

பறவையைத் தேடிப் பிடிப்பது இன்னொரு கதை. முழு ஜூமில் பார்வை ஒரு ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பது போல, பறவை இரண்டடி நகர்ந்தால் தொலைந்தது. இரண்டு கேமராவிலும் லென்ஸின் பக்கவாட்டில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ஜூம் சற்றுப் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். அதைப் பழகாமல் வாடகை கேமராவைத் திருப்பிக் கொடுத்து, "ஒண்ணும் பிடிக்க முடியல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரக்காற்று. இரண்டுக்குமே மழைப் பாதுகாப்பு கிடையாது. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போது காற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகும், கடற்கரையில் இழுத்தால் உப்புக் காற்று. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் உள்ளே பூஞ்சை பிடித்தால் நாமாக ஒன்றும் செய்ய முடியாது, மொத்தமாகச் சர்வீசுக்குத்தான் தூக்க வேண்டும். காற்றுப் புகாத அரிசி டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் கொலை. என் பழைய கேமரா அப்படித்தான் போனது.

ஒரு கடையில் பில் இல்லாமல் எடுத்துக்கொண்டால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று காதோடு சொன்னார்கள். வாரண்டி யார் கொடுப்பது என்று கேட்டதற்கு, "நாங்க இருக்கோம் சார்" என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் முடிவு பி950. 83க்காக இல்லை, அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக. விடிகாலையில் எழ முடியாதவர்கள், குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது கோபுரம், குழந்தை, குரங்கு எல்லாம் ஒன்றிலேயே எடுக்க நினைப்பவர்கள் கேனானையே வாங்கலாம், 21 மில்லிமீட்டரில் கிடைக்கும் அகலமான பார்வை கோயில் பிரகாரத்தில் உண்மையிலேயே உதவும். என் மனைவியின் ஓட்டும் அதற்குத்தான், வீட்டில் இன்னும் தீர்மானம் நிறைவேறவில்லை.

பி950 2020-ல் வந்த மாடல் என்பதால் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. யாரிடமாவது ஒரிஜினல் பில்லோடு பி950 சும்மா கிடந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நேரில் வந்து முழு ஜூமில் வைத்து லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன், முன்னும் பின்னுமாக நாலு முறை ஜூம் செய்து மோட்டார் சத்தம் கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தாம்பரத்திலிருந்து திருவான்மியூர்வரை எங்கே என்றாலும் பைக்கில் வந்துவிடுவேன், காலை ஒன்பது மணிக்கு மேல்.