நரம்பை எடுத்த பல் வலிக்காதாம்!

"நரம்பையே எடுத்தாச்சு, இனி எப்படி வலிக்கும்?"

ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு வேருக்குள் ஓடும் கால்வாய்களை அடைக்கும் சிகிச்சை, செய்துகொண்டதிலிருந்து இந்த ஒரு கேள்வியை இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பல் டாக்டர் கேட்டார், அவருடைய உதவியாளர் கேட்டார், வீட்டில் கேட்டார்கள், ரூட் கெனால் என்றால் என்னவென்றே தெரியாத சக ஊழியர்கூடக் கேட்டுவிட்டார். என் வாய்க்குள் இருக்கும் பல் வலிக்கிறதா இல்லையா என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது!

வலிக்கிறது. இடது பக்கம், மேல் கடைவாய்ப்பல். மெல்லும்போது கீழ்ப்பல் லேசாகப் பட்டாலே சுருக்கென்று கண்ணுக்குக் கீழே வரை ஏறுகிறது. ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், அதனால் பாதி நாள் தூக்கமே உட்கார்ந்தபடிதான். ஒரே பக்கமாக மென்று மென்று வலது தாடையும் இறுகிப்போய்விட்டது.

முதல் வாரம் வலித்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வேர் நுனிவரை கருவியை விட்டுச் சுரண்டியிருக்கிறார்கள், சில நாள் வலிக்கத்தான் செய்யும். நாளுக்கு நாள் குறைய வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் குறையவில்லை. மூன்றாவது வாரம் போய்ச் சொன்னேன். ஒரு எக்ஸ்ரே எடுத்து, "சூப்பரா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்தாவது வாரம் போனேன். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். சரி என்று அதையும் ஐந்து நாள் விழுங்கினேன். ரத்த ஓட்டமே இல்லாத வேருக்குள் அந்த மாத்திரை எப்படிப் போய்ச் சேரும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். வெந்நீரில் வாய் கொப்பளித்தால் வலி கிளம்பி, பத்து நிமிடம் நிற்பதே இல்லை என்று. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க, சரியாகிடும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் நினைப்பதாலா வெந்நீர் பட்டதும் வலிக்கிறது?

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனேன். வேர்ச் சிகிச்சை மட்டுமே செய்பவர். வாய்க் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். அந்தப் பல்லைத் தட்டியதும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டேன். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, பல்லின் மேல் மாட்டியிருக்கும் உறை, அதாவது கேப், உயரமாக இருக்கிறதா என்று பார்த்தார். அதில் குறை இல்லை. நான் கேட்காமலே அவர் சொன்னார்: பல்லுக்குள் இருக்கும் நரம்பைத்தான் எடுப்பார்கள், வேரை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் தசைநாரில் நரம்பு அப்படியேதான் இருக்கும், அங்கே வீக்கம் இருந்தால் கடிக்கும்போது நன்றாகவே வலிக்கும். ஆனால் வெந்நீர் பட்டு வலிக்கிறது என்றால் பக்கத்துப் பல்லைப் பார்க்க வேண்டும், அதில் ஒன்றுமில்லை என்றால் இதே பல்லில் ஏதோ ஒரு கால்வாய் விட்டுப்போயிருக்கலாம். பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்தோம். நான்காவது கால்வாய்! அதைத் தொடவே இல்லை. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று, கால்வாய் பெரும்பாலானவர்களுக்கு நான்கு இருக்குமாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடுமாம்.

கால்வாய் தவறிப்போனதற்காக நான் கோபப்படவில்லை. மயிரிழை மாதிரி இருக்கிறது, அனுபவசாலிக்கும் தவறும். ஆனால் வலிக்கிறது என்று ஒருவர் இரண்டு முறை படியேறி வந்து சொன்னால், அந்தப் பல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்! தெரியவில்லை என்றால், "எனக்குப் பிடிபடவில்லை, இன்னாரிடம் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லாம் நினைப்பு என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எனக்கே என் வலிமேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது புத்தம்புது கேப்பில் ஓட்டை போட்டு, அடைத்ததையெல்லாம் தோண்டி எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செலவு மறுபடியும் என் தலையில். வியாழக்கிழமை முதல் சிட்டிங். அந்த ஸ்கேனை ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய டாக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைத்து, நான்காவது கால்வாயை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வருவேன்.