ஆய்வகக் குடுவையில் கிடைத்த விளைச்சல் பெரிய கலனில் ஏன் கிடைப்பதில்லை?

சாந்தன் கோந்து (பாக்டீரியா சர்க்கரையிலிருந்து உண்டாக்கும், உணவைக் கெட்டியாக்கும் பொருள்) தயாரிப்பு பற்றி நல்ல கட்டுரை. ஆனால் வெப்பநிலை, பிஎச் (அமில-கார அளவு), சர்க்கரை அளவு மூன்றையும் சரிசெய்தால் சாந்தன் கோந்து விளைச்சல் கூடிவிடும் என்று முடித்திருப்பது பாதிக் கதைதான். முதுகலைப் படிப்பில் இந்தக் கோந்தைச் சுரக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். (முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் அதே பாக்டீரியாதான். அதன் வழவழப்பைத்தான் ஐஸ்கிரீமிலும் சாஸிலும் சாப்பிடுகிறோம்!)

28 முதல் 30 டிகிரி, நடுநிலையை ஒட்டிய பிஎச், சர்க்கரை தாராளமாக, நைட்ரஜன் கொஞ்சமாக. இதுவரை சரி. நைட்ரஜன் தீர்ந்து செல் பெருக்கம் நின்ற பிறகும் மிச்சச் சர்க்கரை கோந்தாக மாறிக்கொண்டிருக்கும். கோந்திலேயே அமிலத் தொகுதிகள் இருப்பதால் பிஎச் தானாக இறங்கும், காரம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மையான தலைவலி ஆக்சிஜன். கோந்து சேரச் சேரக் கரைசல் கூழாகிவிடும். கலக்கும் விசிறியைச் சுற்றி மட்டும் இளகி ஓடும், கலனின் ஓரத்தில் அசையாமல் கிடக்கும். அங்கே காற்றுக்குமிழி எட்டாது, பாக்டீரியா மூச்சுத் திணறும். விசிறியை வேகமாக்கினால் மின்சாரச் செலவு எகிறும். சர்க்கரையை இன்னும் கொட்டினாலும் பயனில்லை, பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும்.

ஆகவே, குடுவையில் கண்ட 'உகந்த அளவு' பெரிய கலனுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. கட்டுரையாளர் எந்தக் கலனில், விசிறியின் எத்தனை சுழற்சி வேகத்தில் செய்தார் என்பதையும் சேர்த்திருக்கலாம்.