நாடகத்துக்குப் போனால் முகம் தேய்ந்துவிடுமா?

போன வாரம் கடையில் ஒரு பஞ்சாயத்து. தக்கலையில் நான் தையல் கடை வைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்த பிள்ளை ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு துணிக்கடைக்குப் பட்டுச்சேலை கட்டி மாடலாக நின்றாள். பிளக்ஸில் அவள் முகத்தைப் பார்த்து, சென்னையிலிருந்து டிவி தொடருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சம்மதம்தான். அத்தைக்காரிதான் பிளவுஸ் துணியை மேஜையில் போட்டுவிட்டு, "நாடகத்துக்குப் போனா மொகம் தேஞ்சு போவும் எக்கா. பொறவு எந்த சினிமாக்காரன் எடுப்பான்?" என்றாள்.

எனக்கு உடனே நடிகை வாணி போஜன் ஞாபகம் வந்தது.

ஊட்டிப் பெண். விமானப் பணிப்பெண்ணாக இருந்து மாடலிங், விளம்பரம் என்று வந்தவர். 2013இல் சன் டிவியில் அவர் சத்யாவாக நடித்த 'தெய்வமகள்' தொடங்கி 2018 வரை ஓடியது. அந்த ஐந்து வருஷமும் என் கடையின் சாயங்காலத்தை அந்த நாடகம்தான் நடத்தியது. "ஹூக்க நான் வச்சுக்கிடுதேன், இப்பமே தந்திருங்க, நாடகம் போயிரும்" என்று பாதித் தையலில் பிளவுஸை வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. போனில் சத்யாவின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, கழுத்து இதே மாதிரி வேண்டும் என்பார்கள். வாணி போஜன் என்ற பேர் ஒருத்தர் வாயிலும் வராது, சத்யாதான். அண்ணியார் காயத்ரி செய்கிற அநியாயத்துக்கு என் அம்மை டிவியைப் பார்த்தே சாபம் விடுவாள்.

விளம்பரத்தில் சேலைதான் பேசும், மாடல் சிரித்தால் போதும். மடிப்பு கலையாமல் மணிக்கணக்காக நிற்பதும் லேசு இல்லை, சரி. ஆனால் தொடரில் யாரோ ஒரு சேதி சொல்ல, டொம் டொம் என்ற சத்தத்தோடு கேமரா மூன்று தடவை முகத்துக்குப் பாயும். வசனம் கிடையாது. அந்த முகத்தில் ஏதாவது நடந்தே ஆக வேண்டும். நாம் மீம் போட்டுச் சிரிக்கிற அந்த ஷாட்டை ஐந்து வருஷம் செய்தவருக்கு கேமராவிடம் என்ன பயம் மிச்சம் இருக்கும்?

2020 பிப்ரவரியில் 'ஓ மை கடவுளே' வந்தது. நாகர்கோவிலுக்கு அம்மையைக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் கதாநாயகி ரித்திகா சிங். இவருக்கு மீரா வேஷம், இரண்டாம் இடம்தான். திரையில் வந்த உடனே அம்மை என் கையைப் பிடித்து, "பிள்ளே, இது நம்ம சத்யால்லா?" என்றாள். பின் வரிசையிலும் யாரோ அதையே சொன்னார்கள். தேய்ந்துபோன முகத்தையா இப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அதற்காக எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே கொரோனாவில் தியேட்டர்களை மூடிவிட்டார்கள். 'லாக்கப்', 'மலேசியா டு அம்னீஷியா' எல்லாம் நேரே செல்போனுக்கு வந்தன. 2022இல் வந்த 'மகான்' படத்தில் அவர் நடித்த பகுதியே இல்லை. இந்தத் தையல்காரிக்கு அது புரியும். அளவெடுத்து வெட்டித் தைத்த கையை, கடைசியில் ஸ்லீவ்லெஸ் போதும் என்று பிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் சினிமா அவருக்குப் பாதிக் கூலிதான் கொடுத்திருக்கிறது. 2023இல் 'செங்களம்' என்ற அரசியல் கதையில்தான் அவருக்கு நின்று நடிக்க இடம் கிடைத்தது. அதுவும் ஒரு வெப் தொடர்!

நம் மாவட்டத்துக்காரர்கள் நாடகம் என்றால் முகம் சுளிப்பதுதான் எனக்கு வேடிக்கை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் எங்கிருந்து சினிமாவுக்குப் போனார்? நாடக மேடையிலிருந்து. 1936இல் 'சதி லீலாவதி' வருவதற்கு முன்னாலேயே ஜனங்களைச் சிரிக்க வைத்துப் பழகியவர். அந்த நாடகம் வேறே, இந்த நாடகம் வேறே என்பீர்கள். வேறேதான். ஆனால் தினமும் ஜனங்கள் முன்னால் நின்று தேறுவது ஒன்றுதானே?

அத்தைக்காரியிடம் இவ்வளவையும் சொன்னேன். "நீங்க லேசா சொல்லிட்டிய, ராத்திரி ஷூட்டிங்குன்னா கூட யாரு போவா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அம்மா கூடப் போகட்டும், நேரத்தையும் சம்பளத்தையும் எழுதி வாங்கிவிட்டு அனுப்புங்கள் என்றேன்.

நேற்று அந்தப் பிள்ளையே பிளவுஸ் வாங்க வந்தாள். போட்டுப் பார்த்துவிட்டு, "எக்கா, முதல் நாளே அழச் சொல்லுவாவளா?" என்று கேட்டாள். சொல்லுவாங்க மக்கா என்றேன். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை அழுது பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான்.