கர்த்தர் சொல்லிப்போட்டார் எண்டால் மற்ற ஆக்கள் வாயே திறக்கக் கூடாதோ?

"கர்த்தர் எனக்குச் சொல்லிப்போட்டார்." கொழும்பில எந்த ஜெபக் கூட்டத்திலயும் இப்பிடி ஒராள் சொன்னால், அதுக்குப் பிறகு ஆரும் மறுகதை கதைக்க ஏலாது.

வெள்ளவத்தையில ஒரு வீட்டு ஜெபம். கனடா அலுவலுக்குக் காசு கட்ட மனிசியின்ர நகையை அடைவு வைக்கப்போறன் எண்டு ஒரு அண்ணை சாட்சி சொன்னார். கதவு திறந்திருக்கெண்டு ஒரு ஊழியக்காரர் தீர்க்கதரிசனம் சொன்னவராம். எல்லாரும் அல்லேலூயா. தேத்தண்ணி குடுக்கிற நேரம் மனிசி மெதுவாக் கேட்டா: "அந்தப் பேப்பரை ஒருக்கா லோயர் ஆரிட்டயும் காட்டுவமே?" "விசுவாசமில்லாமல் கதைக்காதையும்" எண்டார் அவர். அவ பிஸ்கட் தட்டோட குசினிக்குள்ள போயிட்டா.

விசா வந்துதோ, காசு போச்சுதோ, அதில்லை என்ர கதை. அண்டைக்கு அந்த வீட்டில தேவ ஞானம் ஆரின்ர வாயால வந்தது?

பைபிளில யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கோ. எரியிற முட்செடிக்குள்ள இருந்து தேவன் கதைக்கக் கேட்ட மனுசன் மோசே. அவர் காலமை தொடங்கிப் பொழுதுபடும் மட்டும் தனிய இருந்து சனத்தின்ர வழக்குகளைத் தீர்க்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" எண்டு முகத்துக்கு நேரே சொல்லுறார். எத்திரோ இஸ்ரவேலன் இல்லை, மீதியான் தேசத்து ஆசாரியன். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு எண்டு தலைவர்களை வைச்சு வேலையைப் பிரியும் எண்டது அவற்ற யோசினை. "என்னோட கர்த்தர் நேராக் கதைக்கிறவர், நீர் ஆர் சொல்ல?" எண்டு மோசே கேட்கேல்லை. சொன்னபடி செய்தார். (செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வாற சைவக்காரரையும் பௌத்தரையும் இளக்காரமாக் கதைக்கிற எங்கட ஆக்கள், எத்திரோவை வாசலுக்குள்ள விட்டிருப்பினமோ?)

எனக்கு அதைவிடப் பிடிச்சது எத்திரோவின்ர அடக்கம். தேவனும் இப்பிடிக் கட்டளையிட்டால் செய்யும் எண்டு, தன்ர யோசினையைத் தேவனுக்குக் கீழ வைச்சிட்டுத்தான் அந்த மனுசன் விடுறார். எங்கட மேடைகளில இதைக் காணேலாது.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிட்டக் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ளாமல் குடுப்பார் எண்ட யாக்கோபு 1:5ஐ வீட்டுக்கு வீடு ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறம். அதே நிருபத்தில 3:17ஐயும் வாசியுங்கோ. மேல இருந்து வாற ஞானம் சாந்தமும் இணக்கமும் உள்ளதாம். கேள்வி கேட்ட மனிசியை அதட்டிறது அந்தப் பட்டியலில இல்லை.

எல்லாற்ற கதையும் கேட்டால் விசுவாசம் என்னத்துக்கு எண்டு ஆரும் கேட்பினம். பெரோயா ஊர்ச் சனம் பவுல் சொன்னதையே வேதத்தோட ஒத்துப் பார்த்தது. அதுக்காக அப்போஸ்தலர் 17:11 அவையை நற்குணசாலிகள் எண்டுதான் சொல்லுது.

பாஸ்டர்மாரே, சாட்சிக்கு அரை மணித்தியாலம் குடுக்கிறியள். அதில பத்து நிமிசம் கேள்விக்கு விடுங்கோ. முதல்ல குசினிக்குள்ள நிக்கிற பொம்பிளையளைக் கூப்பிட்டு இருத்துங்கோ.